உறையாத தயிர் வேண்டி ராஜபாளையத்தில் ஆறு நாள்

அயர்லாந்தில் நான் வேலை பார்த்த ஆய்வகம் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையை நம்பிப் பிழைத்தது. எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் அந்தத் தொழிற்சாலையில் பால் உறைய மறுத்தது. காலையில் தொட்டி நிறைய ஊற்றி உறை சேர்த்த பால் மாலையிலும் பாலாகவே இருந்தது. அதைப் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் அவ்வருடம் பன்றிகள் மட்டும்தான் நன்றாக இருந்தன.

காரணம் எங்களுக்குத் தெரியும். பாலை உறைய வைப்பது பாக்டீரியா. அந்த பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி அதை வெடிக்க வைக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதற்கு பேஜ் என்று பெயர். எங்கள் குளிர்பெட்டியில் இருந்த பாக்டீரியா எல்லாம் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒன்றைக் கொன்ற பேஜ் எல்லாவற்றையும் கொன்றது. தொழிற்சாலைப் பக்கமே வராத பாக்டீரியா வேண்டும் என்றார் என் மேலதிகாரி.

"உங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு தயிர் போடுகிறீர்களாமே?"

"ஆமாம்."

"எல்லா வீட்டிலும் ஒரே பாக்டீரியாவா, வேறு வேறா?"

யாரும் பார்த்ததில்லை என்றேன். போய்ப் பார் என்றார்.

என் சொந்த ஊர் சேலம். அங்கே போனால் தயிரோடு ஒரு மாப்பிள்ளையையும் பார்க்கச் சொல்வார்கள். அதனால் கல்லூரித் தோழி சுசீலா இருந்த ராஜபாளையத்துக்குப் போனேன். அவள் அங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்தேன். ஆனி கடைசி. மலைப்பக்கமிருந்து சாரல் வந்து முகத்தில் பட்டது. கையில் தெர்மாகோல் பெட்டி, அதற்குள் பனிக்கட்டியும் கண்ணாடிக் குழாய்களும். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் என்னை வழிமறித்து, சேமியா ஐஸ் இருக்கிறதா என்றார். இல்லை என்றதும், "பொறவு எதுக்கு பெட்டிய தூக்கிட்டு அலையுதீக?" என்று கேட்டார். அடுத்த ஐந்து நாளும் இந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

சுசீலா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் எனக்காக எதையோ கேட்டாள். அதில் "தோடு" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. எனக்காகக் கம்மல் இரவல் கேட்கிறாளோ என்று பயந்துபோனேன். தோடு என்றால் உறை மோர் என்று சுசீலா விளக்கினாள். தயிருக்குப் பெருகு என்று பெயராம். என் தொழிலில் பாக்டீரியாவைப் பெருக வைக்கத்தான் சம்பளம் தருகிறார்கள். சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள் கையை விரித்துவிட்டார். விளக்கு வைத்த பிறகு யாரும் உறை கொடுக்க மாட்டார்களாம். வெள்ளிக்கிழமை என்றால் பகலிலும் கிடையாதாம்.

அன்று இரவு பஞ்சவர்ண மாம்பழமும் தயிர்ச்சோறும் சாப்பிட்டேன். சாப்பிடும் முன் தயிரில் ஒரு துளியைக் குழாயில் எடுத்து வைத்தேன். சுசீலாவின் கணவர் தன் தட்டைக் கொஞ்சம் அப்பால் நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் சுசீலா என்னைச் செட்டியார்பட்டிக்குக் கூட்டிப் போனாள். அங்கே குருவம்மாள் என்பவர் நான்கு எருமை வைத்துக்கொண்டு ஒரு மில் கேன்டீனுக்கும் இரண்டு பரோட்டா கடைகளுக்கும் தயிர் கொடுத்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். தயிர் என்றதும் அவர் முகம் மாறியது.

"தயிரா? எங்க வீட்டுல தயிர் உறைஞ்சு ஒரு மாசமாச்சு. கேன்டீன்காரவுக ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாக. யாரு அனுப்பி வந்தீக, நீங்க?"

யாரும் அனுப்பவில்லை என்று சுசீலா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். குருவம்மாள் கொஞ்சம் தணிந்து தொழுவத்தைப் பார்த்தார். அங்கே இருபது வயதுப் பெண் ஒருத்தி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். செல்வி. நான்கு மாதத்துக்கு முன் தேவதானத்திலிருந்து வந்த மருமகள்.

"எல்லாம் போன மாசம் அவ கை சட்டியில பட்டதுல இருந்துதான். இப்ப சட்டிப்பக்கமே விடுறதில்ல. அப்படியும் உறைய மாட்டேங்கு."

"அவ தொடாமலே கெட்டுப் போகுதுன்னா அவ கைக்கும் இதுக்கும் என்ன இருக்கு?" என்றாள் சுசீலா.

"வீட்டுக்குள்ள இருக்காள்ல. அது போதாதா? ஆடி பொறக்கட்டும். ஆடிக்குப் பொறந்த வீட்டுக்குப் போறவ அங்கனயே இருந்துக்கட்டும்."

புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். திரும்ப அழைத்துக்கொள்ளாமல் விடுவது வழக்கமில்லை. குருவம்மாள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். தொழுவத்தில் செல்வி நிமிரவில்லை. காதில் விழாமல் இருக்கும் தூரம் அல்ல அது. ஆடி பிறக்க ஐந்து நாள் இருந்தது.

உறையாத தயிர் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். குருவம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல தயிரு கேட்டு வருவாக. கெட்டத கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். மண்சட்டி, உள்ளே வழவழவென்று நூல் இழுக்கும் நீர். நக்கிப் பார்த்தேன். காயாமல் மடித்து வைத்த துணியைப் போல இருந்தது. அயர்லாந்தில் மாதக்கணக்காக முகர்ந்த அதே வாடை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று சுசீலா என் காலை மிதித்தாள்.

மாதம் முழுக்க அக்கம்பக்கத்தில் புது உறை வாங்கி ஊற்றிப் பார்த்தாராம். எல்லாவற்றையும் இதே சட்டியில் ஊற்றியிருக்கிறார். சட்டியை மாற்றலாமே என்றேன். இந்தச் சட்டியில்தான் தன் மகனை வளர்த்ததாகச் சொன்னார்.

வெளியே வந்தபோது செல்வி வைக்கோல் எடுக்கும் சாக்கில் வேலியோரம் வந்தாள்.

"டீச்சர், எங்கம்மா வீட்டுல ஒருநாளும் உறையாம இருந்ததில்ல. நான் வரும்போது உறை கொண்டாந்தேன். அவிய சட்டியில ஊத்தவே விடல. அதயும் எடுத்துப் பாக்குறீகளா?"

பார்க்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் திருவில்லிபுத்தூர் போனேன். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்காகத் தேரடியில் வடத்தை வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள். பால்கோவா கடை ஒன்றில் அடுப்பைப் பார்க்க அனுமதி கேட்டேன். முதலாளி மலர்ந்த முகத்தோடு வரச் சொன்னார். பெட்டியில் என்ன என்றார். தயிர் என்றேன். முகம் வாடிவிட்டது.

"அம்மா, இங்க அம்புட்டு பாலும் திரியாம காயணும். நீங்க திரிய வைக்கிறத பெட்டியில கொண்டாந்திருக்கீக. அந்தாக்குல நில்லுங்க."

சாலைக்கு அந்தப் பக்கம் நின்றேன். வேலையாள் ஒருவர் வாழையிலையில் சூடான பால்கோவா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைத் தொடாமல் திரும்பிப் போனார். தொழில் சுத்தம் பற்றி இவ்வளவு கறாரான ஆளை நான் அயர்லாந்தில் பார்த்ததில்லை. பால்கோவா அபாரம். பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் மதியம் சாப்பிட்டு, அங்கேயும் தயிர் ஒரு குழாய் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் தேவதானம். பேருந்தில் கூட்டம். இறங்கும்போது என் பையை யாரோ ஜன்னல் வழியே நீட்டினார்கள். பெட்டியை நீட்டுவதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், செட்டியார்பட்டித் தயிர்கள் எல்லாம் சிவகிரி நோக்கிப் போயின.

ஓடிப் பயனில்லை என்று செல்வியின் அம்மா வீட்டுக்கு நடந்தேன். அவர் நாற்றுப் பறிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு சிறிய தூக்குவாளியில் தயிர் எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இதுவும் உறையலன்னா? பொறவு எங்க வீட்டு உறையுமே குத்தம்பாகளே. இப்ப அவ கையத்தான் சொல்லுதாக. அப்ப என்னையும் சேத்துல்ல சொல்லுவாக?"

முதலில் நானே சோதித்துப் பார்ப்பேன், தேறினால்தான் செட்டியார்பட்டிக்குக் கொண்டுபோவேன் என்றேன். அவர் தூக்குவாளியை நீட்டினார். கேழ்வரகுக் கூழும் சுண்டைக்காய் வற்றலும் கொடுத்தார். நான் சாப்பிடும்வரை மகளைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "எளைச்சிருக்காளா?" என்றார்.

அடுத்த பேருந்தில் சிவகிரி போனேன். பெட்டியை நடத்துனர் ஒரு டீக்கடையில் ஒப்படைத்திருந்தார். கடைக்காரர் நல்ல மனிதர். குழாய்களை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். பனிக்கட்டியை நன்னாரி சர்பத்தில் போட்டு விற்றிருந்தார். "ஐசு கரைஞ்சு வீணா போயிரும்லா, அதான்" என்றார். எனக்கும் ஒரு சர்பத் கொடுத்தார். குளிர்ச்சியாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை சுசீலாவின் சமையலறை ஆய்வகமானது. செட்டியார்பட்டி நீரை, பாக்டீரியா நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டி வழியே ஊசிக்குழாயால் தள்ளினேன். பேஜ் மிகச் சிறியது. அது மட்டும் கீழே இறங்கும். காய்ச்சி ஆற்றிய பாலை எட்டு டம்ளர்களில் ஊற்றினேன். சுசீலா வீடு, திருவில்லிபுத்தூர் மெஸ், தேவதானம், பகலில் கேட்டதும் கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டு அம்மாள் என நான்கு உறைகள், உறைக்கு இரண்டு டம்ளர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மட்டும் அந்த வடிகட்டிய நீர் நான்கு சொட்டு.

மாலை நான்கு மணிக்குப் பார்த்தோம். சொட்டு விடாத நான்கும் உறைந்திருந்தன. சொட்டு விட்டதில் சுசீலா வீட்டுத் தயிர் நீர்த்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தயிரும் அப்படியே. தேவதானம் கெட்டியாக உறைந்திருந்தது. டம்ளரைக் கவிழ்த்தேன், விழவில்லை. சுசீலா கைதட்டினாள்.

திருவில்லிபுத்தூர் மெஸ் தயிரும் உறைந்திருந்தது. அதாவது செட்டியார்பட்டிச் சட்டியில் தாக்குப்பிடிக்க இரண்டு உறைகள் இருந்தன. மூன்றரை வருட ஆராய்ச்சிப் படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எல்லா முடிவுகளையும் சொல்ல வேண்டும் என்பது. திருவில்லிபுத்தூர் டம்ளரை நானும் சுசீலாவும் பாதிப் பாதியாகக் குடித்துவிட்டோம். அது தெரிந்தால் குருவம்மாள் மெஸ் உறையைத்தான் கேட்பார். இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

மற்ற டம்ளர்களை ஒரு வாளியில் அடுக்கி ஆட்டோவில் செட்டியார்பட்டி போனோம். கண்ணால் பார்த்தால் குருவம்மாள் நம்புவார் என்பது திட்டம். வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது உறைந்தது, உறையாதது எல்லாம் ஒரே மாதிரி மோராகியிருந்தது.

குருவம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "அம்புட்டும் தண்ணியாத்தான இருக்கு" என்றார்.

அவர் மகன் மாரிமுத்து மில்லில் ஷிப்டு முடிந்து வந்திருந்தான். அவனிடம் விளக்கினேன். பாக்டீரியாவுக்குத் தன் பரம்பரைக் குறிப்பு ஒரு பெரிய வளையமாக இருக்கும். அதுபோக உதிரியாகச் சின்ன வளையங்களும் இருக்கும். பிளாஸ்மிட் என்பார்கள். பேஜைத் தடுக்கும் வித்தை பல சமயம் அந்தச் சின்ன வளையத்தில்தான் இருக்கும். இருக்கும் பாக்டீரியா பிழைக்கும், இல்லாதது சாகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். வளையம் உள்ளது பக்கத்தில் இருப்பதோடு ஒட்டி நின்று அதற்கும் ஒரு நகல் கொடுக்கும்.

"தன் பிள்ளைக்கு மட்டுமில்லாம, பக்கத்துல நிக்கவனுக்கும் குடுக்குமா?"

"கொடுக்கும்."

"சொந்தம் கிந்தம் பாக்காதா?"

"பார்க்காது."

மாரிமுத்து யோசித்தான். "எங்க சங்கத்துல அப்படி ஒருத்தன் கெடையாது" என்றான்.

குருவம்மாளுக்கு வளையத்தில் ஆர்வம் இல்லை. எதிரி சட்டியில் இருக்கிறான் என்பதையும் அவர் ஏற்கவில்லை. தேவதானத்து உறையை ஒரே ஒருநாள் இந்தச் சட்டியில் ஊற்றிப் பாருங்கள், நீங்களே உங்கள் கையால் ஊற்றுங்கள் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் தொழுவத்திலிருந்து செல்வி வந்துவிட்டாள். கையைக்கூடக் கழுவவில்லை.

"ஊத்துங்க அத்த. உறையலன்னா ஆடி வரைக்கும் வேண்டாம். நாளைக்கே நானா பஸ் ஏறிப் போயிருதேன். திரும்பி வர மாட்டேன்."

"ஏலா, என்ன பேசுத?" என்று மாரிமுத்து எழுந்தான்.

"நீங்க ஒரு மாசமா பேசாமத்தான இருந்தீக. இப்பவும் இருங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான். குருவம்மாள் சரி என்றார். டம்ளரில் நான்கு சொட்டு விட்டுப் பார்ப்பது வேறு. ஒரு மாத பேஜ் ஊறிக் கிடக்கும் மண்சட்டி வேறு. இந்த வித்தியாசத்தை அங்கே சொல்லும் தைரியம் வரவில்லை.

அயர்லாந்தில் பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேவதானத்து பாக்டீரியாவில் அப்படி ஒரு வளையம் இருந்தது. அதைத் தொழிற்சாலை பாக்டீரியாவோடு ஒரே தட்டில் விட்டோம். அதற்கும் நகல் போய்விட்டது. அந்த ஊர்ப் பேஜ்களில் பாதி வகையை அது தாங்கியது. ஆராய்ச்சியில் பாதி என்பது பெரிய வெற்றி. மெஸ் பாக்டீரியாவிலும் வளையம் இருந்தது, ஆனால் முற்றிலும் வேறு வளையம். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பேருந்துப் பயணம்தான் தூரம். மேலதிகாரி இரண்டு வளையங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிய படத்தைக் கையில் எடுத்தார். இன்னும் எத்தனை ஊர் இருக்கிறது என்று கேட்டார்.

ஆறாம் நாள் காலை குருவம்மாள் தன் கையால் பால் காய்ச்சி, ஆற்றி, தேவதானத்து உறையைச் சட்டியில் விட்டு மூடினார். ராஜபாளையத்திலிருந்து எனக்கு மாலை நாலரைக்கு மதுரைப் பேருந்து. காத்திருந்தோம். செல்வி எருமைகளைக் குளிப்பாட்டினாள். அவளுடைய துணிப்பை தொழுவத்து ஆணியில் கட்டித் தயாராகத் தொங்கியது. மதியம் ரசம் சோறு போட்டார்கள். மோர் இல்லாததற்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று மாரிமுத்து மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அவன் அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்று மணிக்குக் குருவம்மாள் மூடியை எடுத்தார். சட்டியைச் சாய்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தி, விரலை வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு கேன்டீனுக்குப் போகும் கேனைக் கொண்டுவந்து தயிரை மாற்றத் தொடங்கினார். கடைசி அகப்பையை மட்டும் அடுத்த உறைக்கென்று கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தார். நான் பெருமூச்சு விட்டேன். சுசீலா மறுபடி என் காலை மிதித்தாள்.

மாரிமுத்து கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். குருவம்மாள் சாயங்காலப் பாலைக் கறந்து வந்து அடுப்பில் ஏற்றினார். பொங்கியதும் இறக்கி, சட்டியில் ஊற்றி, பக்கத்தில் உறைக் கிண்ணத்தை வைத்தார். அப்புறம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி செல்வி! இங்க வா. நீ ஊத்து. எனக்குக் கை வலிக்கி."

செல்வி தொட்டியில் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். அவசரப்படவில்லை. அடுக்களைக்குள் வந்து சட்டி முன்னால் உட்கார்ந்தாள். சுண்டுவிரலைப் பாலில் தொட்டுப் பார்த்தாள். உறைக் கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஊத்தேன், எம்புட்டு நேரம்?" என்றார் குருவம்மாள்.

"பால் சுடுது அத்த. செத்த நேரம் இருங்க."

குருவம்மாள் நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஒரு பலகையை இழுத்துப் போட்டு மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலரை மணிப் பேருந்து போயிருக்கும். பால் ஆறும்வரை நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.